காதுக்குள்ளே ஒரு பியானோ!
வைத்தியம் படிக்க நேர்ந்த பௌதிக மேதை ஹெல்ம்ஹோல்ட்ஸின் வரலாறு

ஜெர்மனியில் நெக்கார் நதிக் கரையில் ஹைடல்பர்க் என்னும் அழகிய ஊர் இருக்கிறது. அங்கே பெயர் பெற்ற சர்வகலாசாலை ஒன்று உண்டு. 1860-ஆம் ஆண்டை ஒட்டிய நாட்களில், அந்தச் சர்வகலாசாலை ஆசிரியர் ஒருவர் செய்துவந்த காரியம் விசித்திரமானது.

அவர் கையில் உள்ளே ஒன்றுமில்லாத ஒரு கண்ணாடி உருண்டை இருக்கும். அதன் ஒரு பக்கம் திறந்த வாய். மறு பக்கம் சின்னஞ்சிறு மூக்கு. அந்த மூக்கின்மேல் அரக்கை உருக்கித் தடவுவார். இளஞ்சூடாக இருக்கும்போதே அதைக் காதில் பொருத்திக்கொள்வார். மற்றொரு காதை இறுக அடைத்துக்கொள்வார். பிறகு பியானோ கட்டை ஒன்றை அழுத்துவார். கண்ணை மூடிக் கேட்பார். அது முடிந்ததும் அடுத்த உருண்டை, அதற்கடுத்து இன்னொன்று. சிறிதும் பெரிதுமாக அவரிடம் ஒரு வரிசையே இருந்தது.

ஒவ்வோர் உருண்டையும் ஒரே ஒரு சுரத்துக்கு மட்டுமே இசையும். அந்தச் சுரம் வெளியே எங்காவது ஒளிந்திருந்தால் போதும்; உருண்டை காதுக்குள் கணீரென்று முழங்கும். இல்லாவிட்டால் மௌனம்! காற்றின் ஊளையிலும், வண்டிச் சக்கரத்தின் கடகடப்பிலும், தண்ணீர் தெறிக்கும் சலசலப்பிலும்கூட அந்தச் சுரம் அவ்வப்போது தலைகாட்டிவிட்டு மறைவதை அவர் கேட்டார்.

அவர்தான் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ். வாத்தியத்திலிருந்து புறப்படும் ஒலி பாதிச் சங்கீதம்தான், மறு பாதியைச் செய்வது நம் காது என்பதை உலகுக்கு எடுத்துக் காட்டிய மேதை. பாட்டையும் வாத்தியங்களையும் கலந்து, எந்த ஒலியை எவ்வளவு தூக்கலாம், எதை எவ்வளவு அடக்கலாம் என்று இன்று முடிவு செய்யும் ஒலிப்பதிவு நிபுணர்கள் அனைவரும் அவருக்குக் கடன்பட்டவர்கள்.

விரும்பியது ஒன்று, வாய்த்தது ஒன்று

1821-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31-ந் தேதி, பெர்லினுக்கு அருகேயுள்ள போட்ஸ்டாம் நகரில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் பிறந்தார். தகப்பனார் பள்ளிக்கூட உபாத்தியாயர். படிப்பும் இருந்தது, தத்துவ ஞானத்தில் பற்றும் இருந்தது. பணம் மட்டும் இல்லை.

பையன் சிறு வயதில் நோஞ்சான். தேறி எழுந்த பிறகு அவன் மனம் பௌதிக சாஸ்திரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. ஆனால் பௌதிகம் படித்தால் சோறு கிடைக்குமா? அந்தக் காலத்தில் கிடைக்காது. சர்வகலாசாலைச் செலவைத் தாங்கும் சக்தியும் குடும்பத்துக்கு இல்லை.

தகப்பனார் ஒரு வழி கண்டார். பெர்லினில் பட்டாளத்துக்கு வைத்தியர்களைத் தயார் செய்யும் கல்லூரி இருந்தது. அங்கே படிப்பு இலவசம். ஆனால் படித்து முடித்ததும் எட்டு ஆண்டுகள் பட்டாளத்தில் வைத்தியராக உழைக்கவேண்டும். பதினேழு வயதுப் பையன் அதற்கு ஒப்புக்கொண்டு 1838-இல் பெர்லினுக்குப் புறப்பட்டான்.

மனம் நாடியது பௌதிகத்தை. கை தொட்டது நோயாளியின் நாடியை. எத்தனையோ இளைஞர்கள் இந்த இடத்தில் சோர்ந்துபோவார்கள். ஹெல்ம்ஹோல்ட்ஸ் சோரவில்லை. வைத்தியத்தை ஒழுங்காகக் கற்றார். இரவில் கணிதமும் பௌதிகமும் தாமே படித்தார். மிஞ்சிய நேரத்தில் பியானோ வாசித்தார். மோட்ஸார்ட், பீத்தோவன் ஆகியோரின் இசையில் அவருக்குத் தீராத மோகம்.

இந்த மூன்றும் ஒரே மனிதரிடம் சேர்ந்தது தற்செயல்தான். ஆனால் உடற்கூறு அறியாத பௌதிகர் எவரும், பௌதிகம் அறியாத வைத்தியர் எவரும், சங்கீதம் அறியாத இருவரும் செய்திருக்க முடியாத ஒரு காரியத்தை அந்தத் தற்செயல் செய்ய வைத்தது.

காய்ச்சல் கொடுத்த பரிசு

மாணவராக இருந்தபோது அவருக்குக் கடுமையான விஷக் காய்ச்சல் கண்டது. மாணவர் என்ற முறையில் ஆஸ்பத்திரியில் இலவச சிகிச்சை கிடைத்தது. படுக்கையில் கிடந்த நாட்களுக்கான உதவிப் பணம் செலவாகாமல் அப்படியே மிஞ்சியது. எழுந்து வந்தவர் அந்தப் பணத்தில் ஒரு மைக்ராஸ்கோப் வாங்கினார்! அந்தக் கருவியைக் கொண்டே நரம்புகளை ஆராய்ந்து 1842-இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

பிறகு போட்ஸ்டாமில் பட்டாள வாழ்க்கை. முகாமிலேயே ஒரு சிறு ஆராய்ச்சிச் சாலை அமைத்துக்கொண்டார். 1847-இல், இருபத்தாறாவது வயதில், சக்தி அழிவதில்லை, உருமாறத்தான் செய்கிறது என்னும் தத்துவத்தைக் கணித ரீதியாக நிலைநாட்டும் கட்டுரையை எழுதினார். புகழ்பெற்ற பௌதிகப் பத்திரிகை அதை வெளியிட மறுத்துவிட்டது. தனிப் புத்தகமாக வந்தது. இன்று அது விஞ்ஞான வரலாற்றில் ஒரு மைல்கல்.

இப்படிப்பட்டவரைப் பட்டாளத்தில் வைத்து வீணாக்கலாமா? பெரியவர் அலெக்சாண்டர் ஹும்போல்ட் தலையிட்டுச் சிபார்சு செய்தார். 1848-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸுக்கு விடுதலை கிடைத்தது. மறு ஆண்டே கோனிக்ஸ்பர்க் சர்வகலாசாலையில் உடலியல் ஆசிரியர் பதவி. ஓல்கா என்ற பெண்மணியுடன் திருமணம்.

அங்கே அவர் தவளையின் நரம்பில் செய்தி ஓடும் வேகத்தை அளந்தார். மின்னலைப் போன்றது, அளக்கவே முடியாதது என்று அவருடைய குருநாதரே கருதியிருந்த அந்த வேகம், விநாடிக்குச் சுமார் 30 மீட்டர்தான் என்று தெரியவந்தது. 1851-இல், உயிருள்ள மனிதனின் கண்ணுக்குள்ளே பார்க்கும் கருவியைப் பற்றிய புத்தகத்தை வெளியிட்டார். அட்டையும், மூக்குக் கண்ணாடி வில்லையும், மைக்ராஸ்கோப் கண்ணாடித் துண்டுகளும் சேர்த்து ஒட்டிய எளிய கருவி அது. கண் வைத்தியமே அதனால் புது வழியில் திரும்பியது.

ஒளியைப் பிரித்தவர்களும் ஒலியைப் பிரித்தவரும்

கோனிக்ஸ்பர்க்கின் குளிர் ஓல்காவின் உடலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மனைவிக்காக ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1855-இல் பான் நகருக்கு மாறினார். பீத்தோவன் பிறந்த ஊர் அது. அங்கேதான் காதைப் பற்றிய ஆராய்ச்சி வேகம் பிடித்தது. சுரங்கள் சேர்ந்து இனிப்பதற்கு உடலில் என்ன காரணம் என்று 1857-இல் அங்கே பொதுமக்களுக்கு ஒரு சொற்பொழிவும் செய்தார். 1858-இல் ஹைடல்பர்க் அவரை அழைத்தது.

ஹைடல்பர்க்கில் அவருக்கு அமைந்த சகாக்கள் புன்சனும் கிர்க்காஃபும். அவர்கள் ஒளியை வர்ணம் வர்ணமாகப் பிரித்து, அதிலிருந்து மூலப் பொருள்களை இனம் கண்டவர்கள். அதே ஊரில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஒலியைச் சுரம் சுரமாகப் பிரித்துக்கொண்டிருந்தார்.

ஒளியைப் பிரிக்க முப்பட்டைக் கண்ணாடி வேண்டும். மஞ்சளும் நீலமும் கலந்து வெள்ளையாகத் தெரிந்தால், அதில் இன்ன இன்ன கலந்திருக்கிறது என்று வெறுங்கண் சொல்லாது. காது அப்படியல்ல. பத்து வாத்தியங்கள் ஒன்றாக முழங்கினாலும், இது வயலின், இது குழல் என்று பிரித்து அறிந்துவிடுகிறது. எப்படி?

ஹெல்ம்ஹோல்ட்ஸ் விடை சொன்னார். திறந்த பியானோவின் முன் நின்று, அடக்கும் கட்டைகளை விலக்கிவிட்டு, உரக்க ஒரு சுரம் பாடுங்கள். உங்கள் குரலில் உள்ள சுரங்களுக்கு இசைந்த தந்திகள் மட்டும் தாமாகவே நடுங்கி, உங்கள் குரலைத் திருப்பிச் சொல்லும். நம் காதுக்குள் நத்தை ஓடு போல் சுருண்டிருக்கும் உறுப்பும் இப்படிப்பட்ட ஒரு பியானோதான் என்றார் அவர். அதன் ஒவ்வோர் இடமும் ஒவ்வொரு சுரத்துக்கு அசையும். அங்கங்கே உள்ள நரம்பு மூளைக்குச் செய்தி சொல்லும்.

இந்த ஆராய்ச்சியின் நடுவே இடி விழுந்தது. 1859 டிசம்பரில் ஓல்கா மறைந்தார். வீட்டில் இரண்டு சிறு குழந்தைகள். ஹெல்ம்ஹோல்ட்ஸ் நிலைகுலைந்தார். சிறிது காலம் வேலை ஓடவில்லை. பிறகு மெல்ல மெல்ல ஆராய்ச்சிக்குத் திரும்பினார். 1861-இல் அன்னா என்ற அம்மையாரை மறுமணம் செய்துகொண்டார். 1863-இல், எட்டாண்டு உழைப்பின் பயனாக, சுர உணர்ச்சிகளைப் பற்றிய அவருடைய பெருநூல் வெளிவந்தது.

காதின் ஓரவஞ்சனை

அந்த நூலில் உள்ள மூன்று உண்மைகளைத் தெரிந்துகொண்டால், நல்ல ஒலிக்கலவையின் ரகசியத்தில் பாதி புரிந்துவிடும்.

முதலாவது, ஒலியின் குணம். எந்த வாத்தியமும் ஒற்றைச் சுரத்தை எழுப்புவதில்லை. விநாடிக்கு 100 முறை அதிரும் தந்தியில் 200, 300, 400 என்று மேலே மேலே துணைச் சுரங்களும் பிறக்கின்றன. முதல் ஆறு வரையில் அளவாக இருந்தால் ஒலி நிறைவாகவும் செழிப்பாகவும் இருக்கும். ஆறு ஏழுக்கு மேற்பட்டவை ஓங்கினால் ஒலி காதை அறுக்கும். பியானோவில் மெத்தென்ற கம்பளித் தலை வைத்த சுத்தியல் தந்தியைத் தட்டுவது அந்த மேல் சுரங்களை அடக்குவதற்கே என்று ஹெல்ம்ஹோல்ட்ஸ் விளக்கினார்.

இரண்டாவது, அடித் தொனியின் குழப்பம். இரு சுரங்கள் சேரும்போது ஒலி ஏறி இறங்கி விம்மும். 132 அதிர்வும் 165 அதிர்வும் சேர்ந்தால் விநாடிக்கு 33 விம்மல்கள். காதுக்கு இந்த அளவு விம்மல்தான் மிகவும் கரடுமுரடாகப் படுகிறது என்று அவர் கண்டார். அதே ஜோடியை இரண்டு ஸ்தாயி மேலே கொண்டுபோங்கள்: 528-ம் 660-ம். இப்போது வித்தியாசம் 132. அவ்வளவு வேகமான விம்மலைக் காது உணர்வதில்லை; ஜோடி இனிக்கிறது. உறவு ஒன்றே, மேலே தேன், கீழே மணல்! ஆகையால்தான் தேர்ந்த ஒலிப்பதிவாளர் கீழ் ஸ்தாயியில் இரண்டு வாத்தியங்களை நெருக்கி அடுக்கமாட்டார். ஒன்றுக்கு இடம்விட்டு மற்றொன்றை அடக்குவார்.

மூன்றாவதுதான் மிகவும் ருசிகரமானது. காது எல்லாச் சுரங்களையும் சமமாக நடத்துவதில்லை, ஓரவஞ்சனை செய்கிறது! விநாடிக்கு ஏறத்தாழ 2,640 முதல் 3,168 வரை அதிரும் சுரங்கள் மட்டும் தனிக் கூர்மையோடு தாக்குவதை ஹெல்ம்ஹோல்ட்ஸ் கவனித்தார். காரணத்தையும் கண்டார். செவித் துவாரம் ஒரு சிறு குழல். அது அந்தச் சுரங்களுக்கு இசைந்து அவற்றைப் பெருக்கிவிடுகிறது. காதில் சிறு காகிதக் குழாய் ஒன்றைச் செருகிக் குழலை நீளமாக்கினால், கூர்மையும் கீழ்ச் சுரத்துக்கு இறங்கிவிட்டது!

இன்றைய நிபுணர்களும் இந்தப் பகுதியில் கை வைக்க அஞ்சுவார்கள். சற்றே தூக்கினால் பாடகர் நம் எதிரே வந்து நிற்பது போல் வார்த்தைகள் தெளிகின்றன. கொஞ்சம் மிஞ்சினால் பத்து நிமிஷத்தில் காது சலித்துவிடுகிறது.

சத்தம் குறைந்தால் எங்கே போகிறது?

ஹெல்ம்ஹோல்ட்ஸ் திறந்த கதவின் வழியே பிறகு வந்தவர்கள் மேலும் உள்ளே சென்றார்கள். 1933-இல் அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிச் சாலையைச் சேர்ந்த ஃபிளெட்சரும் மன்சனும், எந்தச் சுரத்துக்கு எவ்வளவு பலம் கொடுத்தால் காதுக்கு ஒரே உரப்பாகக் கேட்கும் என்று அளந்தார்கள்.

இப்போதைய அளவீட்டின்படி ஒரு கணக்குப் பாருங்கள். 1,000 அதிர்வுச் சுரம் 40 டெசிபல் பலத்தில் ஒலிக்கிறது. அதே உரப்பில் 100 அதிர்வுச் சுரம் கேட்கவேண்டுமானால் அதற்குச் சுமார் 64 டெசிபல் தேவை! ஒலி முழுவதையும் உரக்க வைத்தால் இந்த வித்தியாசம் சுருங்குகிறது; தணித்தால் விரிகிறது.

இரவில் எல்லோரும் உறங்கும்போது பாட்டைத் தணித்து வைத்திருப்பீர்கள். பகலில் அதிர்ந்த கீழ் ஸ்தாயி வாத்தியம் அப்போது இருக்குமிடம் தெரியாமல் போயிருக்கும். குரல் மட்டும் நிற்கும். குற்றம் கருவியுடையதல்ல, காதின் இயல்பு. ஒலிப்பெருக்கிகளில் லவுட்னஸ் என்று ஒரு பொத்தான் வைத்தது, தணிந்த நேரத்தில் கீழ்ச் சுரங்களுக்குக் கைகொடுக்கத்தான்.

ஒலிக்கலவை செய்கிறவருக்கு இது பெரிய பொறி. அறையில் மிக உரக்க வைத்துக்கொண்டு கலந்தால், கீழ்ச் சுரங்கள் தாராளமாக இருப்பதாகத் தோன்றும்; குறைத்துவிடுவார். பிறகு வீட்டில் மெல்லக் கேட்பவருக்குப் பாட்டு சப்பென்று இருக்கும். மிகத் தணித்துக் கலந்தால் நேர் எதிர்: வீட்டில் உரக்க வைத்ததும் சுவர் அதிரும். அதனால்தான் அனுபவசாலிகள் நடுத்தரமான ஒரே அளவில் வேலை செய்து, இடையிடையே தணித்தும் உயர்த்தியும் சோதித்துப் பார்க்கிறார்கள்.

தவற்றிலும் பிறந்த நன்மை

காதுக்குள் இருக்கும் பியானோவின் தந்தி எது? உள் காதில் வரிசையாக நிற்கும் நுண்ணிய வில் போன்ற தண்டுகள்தாம் என்று ஹெல்ம்ஹோல்ட்ஸ் முதலில் எழுதினார். பறவைகளின் காதில் அவை இல்லை என்று பிறகு தெரிந்தது. பறவைக்கா சுரம் தெரியாது? உடனே தம் கருத்தை மாற்றிக்கொண்டார். ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு அகலம் கூடிக்கொண்டே போகும் சவ்வுதான் அந்த வேலையைச் செய்கிறது என்று பின் பதிப்பில் திருத்தினார்.

அதுவும் முழுமையல்ல. சவ்வில் தனித்தனித் தந்திகள் இல்லை, ஓர் அலைதான் அதன் மேல் ஓடுகிறது என்று பெக்கேசி என்ற ஹங்கேரிய விஞ்ஞானி காட்டி 1961-இல் நோபல் பரிசு பெற்றார். உயர்ந்த சுரங்களின் இடம் வாசலிலேயே இருக்கிறது. தாழ்ந்தவற்றின் இடம் கோடியில். கீழ்ச் சுரத்தின் அலை உயர்ந்த சுரங்களின் இடத்தைக் கடந்துதான் போகவேண்டும். உரத்த கீழ்ச் சுரம் மேற்சுரங்களை அமுக்கிவிடுவது இதனால்தான். விவரம் மாறினாலும், ஒவ்வொரு சுரத்துக்கும் காதில் ஓர் இடம் உண்டு என்ற ஹெல்ம்ஹோல்ட்ஸின் அடிப்படை நிலைத்தது.

அவருடைய ஆராய்ச்சியைத் தவறாகப் புரிந்துகொண்டதாலும் உலகுக்கு நன்மை விளைந்தது! மின்சாரத்தால் அதிரும் இசைக்கவைகளைக் கொண்டு அவர் ஆ, ஓ போன்ற உயிரெழுத்து ஒலிகளைச் செயற்கையாக உண்டாக்கினார். அலெக்சாண்டர் கிரஹாம் பெல் என்ற இளைஞருக்கு ஜெர்மன் மொழி சரியாகத் தெரியாது. படத்தைப் பார்த்து, ஹெல்ம்ஹோல்ட்ஸ் உயிரெழுத்துக்களைக் கம்பி வழியே அனுப்பிவிட்டார் என்று எண்ணிக்கொண்டார். அவரால் முடிந்தது நம்மால் முடியாதா என்று முனைந்தார். 1876-இல் டெலிபோன் பிறந்தது. ஒலியை அளக்கும் டெசிபல் என்ற பெயரிலும் அந்த பெல்தான் இருக்கிறார்.

சென்னையில் ஒரு வாசகர்

1875-இல் எல்லிஸ் என்பவர் அந்தப் பெருநூலை ஆங்கிலத்தில் பெயர்த்தார். அது கடல் கடந்து நம் நாட்டுக்கும் வந்தது. திருச்சியில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த ஒரு மாணவர் அதில் மூழ்கினார். அவர்தான் ஸர் சி. வி. ராமன். தம் வாழ்வை உருவாக்கிய மூன்று நூல்களில் ஒன்றாக அவர் பிற்காலத்தில் இதையும் குறிப்பிட்டார்.

ஒளி ஆராய்ச்சிக்காக 1930-இல் நோபல் பரிசு பெற்ற ராமன், அதற்கு முன்பே ஒலியில் உழைத்தவர். சாதாரணத் தோல் பறையின் துணைச் சுரங்கள் ஒன்றோடொன்று இசையாதவை. ஆனால் நம் மிருதங்கத்தின் நடுவே பூசும் கரிய கரணை அவற்றை ஒழுங்குபடுத்தி, தந்தியைப் போல் சுருதியோடு பேச வைக்கிறது என்று 1920-இல் எடுத்துக் காட்டினார். மிருதங்கம் செய்தவர்கள் தங்கள் காதை நம்பிக் கண்ட உண்மைக்கு, ஹெல்ம்ஹோல்ட்ஸின் வாசகர் சாஸ்திரப் பொருள் சொன்னார்.

கடைசி நாட்கள்

1871-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸின் சிறுவயது ஆசை நிறைவேறியது. பெர்லின் சர்வகலாசாலை அவரைப் பௌதிகப் பேராசிரியராக அமர்த்தியது. காசில்லாமல் பௌதிகத்தைக் கைவிட்ட பையன், ஐம்பதாவது வயதில் நாட்டின் தலைசிறந்த பௌதிக பீடத்தில் ஏறினார்! ரேடியோ அலைகளைக் கண்டுபிடித்த ஹெர்ட்ஸ் அவருடைய மாணவர். பிறகு ஜெர்மன் சர்க்கார் நிறுவிய பௌதிகத் தொழில்நுட்ப நிலையத்துக்கு அவரே முதல் தலைவர்.

1893-இல் அமெரிக்காவில் சிகாகோ கண்காட்சிக்குப் போய்த் திரும்புகையில், கப்பலின் படிக்கட்டில் விழுந்து தலையில் அடிபட்டது. 1894 பிறந்தவுடனே அருமை மாணவர் ஹெர்ட்ஸ் முப்பத்தாறு வயதில் மறைந்த துயரம். அதே ஆண்டு செப்டம்பர் 8-ந் தேதி ஹெல்ம்ஹோல்ட்ஸ் காலமானார். வயது 73.

வறுமை அவரைப் பௌதிகத்திலிருந்து விலக்கி வைத்தியத்துக்கு அனுப்பியது. அவர் வைத்தியர் ஆனதால்தான், பௌதிகர்கள் வாத்தியத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் காதைப் பார்த்தார்.

இன்றிரவு ஏதேனும் ஒரு பாட்டைக் கேட்கும்போது, ஒலியைச் சற்றே தணித்துப் பாருங்கள். முதலில் எது மறைகிறது, கடைசி வரை எது நிற்கிறது என்று கவனியுங்கள். உங்கள் காதுக்குள்ளிருக்கும் அந்தப் பியானோ தன் வேலையைச் செய்வது உங்களுக்கே தெரியும்.